ஆந்த்ரோபோசீன் ஏன் தோற்றது: சென்னை மண்ணை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச்சில் ஒரு வாக்கெடுப்பு முடிவு வெளியே வந்தது. மனிதன் பூமியை அடியோடு மாற்றிவிட்டான், ஆகவே இப்போது ஓடுகிற காலத்துக்கு நிலவியல் கால அட்டவணையில் ஆந்த்ரோபோசீன் என்று ஒரு தனிச் சகாப்தம் கொடுங்கள் என்பது கோரிக்கை. கடந்த 25.8 லட்சம் ஆண்டுகளின் அடுக்குகளைக் கவனித்துக்கொள்ளும் குவாட்டர்னரி துணைக்குழு வாக்களித்தது. ஆதரவு 4, எதிர்ப்பு 12. பதினைந்து வருட வேலை அந்தப் படியிலேயே நின்றுபோனது. அதே மாதம் சர்வதேச நிலவியல் ஒன்றியமும் இந்த முடிவை உறுதி செய்து அறிவித்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு "மனுஷனால பூமிக்கு ஒண்ணும் ஆகலைன்னு விஞ்ஞானிகளே சொல்லிட்டாங்க" என்று புரிந்துகொள்வது சுலபம். எதிர்த்து வாக்களித்தவர்களின் வாதம் அது கிடையாது. தகராறு முழுக்க கோடு எங்கே போடுவது, போட்ட கோட்டுக்கு என்ன அந்தஸ்து கொடுப்பது என்பதைப் பற்றித்தான். நான் சென்னையில் கட்டடங்களுக்கு மண் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். போர் (மண்ணில் ஆழத் துளை) போட்டு, மண்ணை எடுத்து, இதுவரைக்கும் ஃபில்லிங் (ஆட்கள் கொட்டி மேடாக்கியது), இதற்குக் கீழே இயற்கை மண் என்று ரிப்போர்ட் எழுதுகிற ஆள். கோடு போடுகிற சங்கடம் எனக்கு அன்றாடம் பழகியது என்பதால் இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்தே கவனித்துவந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்தைப் பார்க்கலாம்: கோட்டைச் சரியான இடத்தில்தான் போட்டார்கள், அதற்குக் கேட்ட அந்தஸ்துதான் அதிகம்.

எப்படி ஆரம்பித்தது

ஆரம்பித்து வைத்தவர் நிலவியலாளரே கிடையாது. பால் க்ருட்சன் வளிமண்டல வேதியியலாளர், ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 2000இல் மெக்சிகோவின் குவேர்னவாகாவில் நடந்த ஒரு கூட்டத்தில் எல்லோரும் இன்றைய சகாப்தத்தை ஹோலோசீன், ஹோலோசீன் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பொறுமை இழந்து, நாம் இப்போது ஹோலோசீனில் இல்லை, ஆந்த்ரோபோசீனில் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டார். யூஜீன் ஸ்டோர்மர் என்ற அமெரிக்க ஏரி ஆய்வாளர் 1980களிலேயே அந்தச் சொல்லைப் புழங்கிவந்தவர் என்பதால், இருவரும் சேர்ந்து அதே ஆண்டில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். 2002இல் நேச்சர் இதழில் க்ருட்சன் தனியாக எழுதிய கட்டுரைக்குப் பிறகு சொல் எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டது.

அவர் மனதில் இருந்த தொடக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினை மேம்படுத்திய காலம். துருவப் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளில் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் ஏற ஆரம்பிப்பது அப்போதுதான். வேதியியலாளருக்கு இந்தக் காரணம் போதும், நிலவியலாளருக்குப் போதாது. அவர்களுக்கு மண்ணில் கைவைத்துக் காட்டக்கூடிய அடுக்கு வேண்டும்.

அதற்காக 2009இல் ஒரு பணிக்குழு அமைந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் யான் ஸலாசீவிச் தலைமை ஏற்றார், பிற்பாடு காலின் வாட்டர்ஸ். இவர்கள் முடிவெடுத்தால் மட்டும் போதாது. பணிக்குழு, அதற்கு மேலே குவாட்டர்னரி துணைக்குழு, அதற்கும் மேலே சர்வதேச அடுக்கியல் ஆணையம், ஒவ்வொரு படியிலும் 60 சதவீத ஆதரவு வேண்டும், கடைசியில் நிலவியல் ஒன்றியத்தின் ஒப்புதல். 2019இல் பணிக்குழுவின் 34 பேரில் 29 பேர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தொடக்கமாக வைக்கச் சம்மதித்தார்கள். 2023 ஜூலையில் கனடாவின் கிராஃபோர்ட் ஏரியை அடையாள இடமாக அறிவித்தார்கள். முதல் படியைத் தாண்டியாகிவிட்டது. இரண்டாவது படியில்தான் சறுக்கினார்கள்.

அட்டவணை எப்படி வேலை செய்கிறது

நாம் வாழும் குவாட்டர்னரி காலத்துக்குள் இரண்டு சகாப்தங்கள். முதலாவது ப்ளைஸ்டோசீன், பனியுகங்கள் வந்து வந்து போன நீண்ட காலம். அடுத்தது ஹோலோசீன், கடைசிப் பனியுகம் விலகியதிலிருந்து சுமார் 11,700 ஆண்டுகள். ஹோலோசீனையும் 2018இல் மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். அதில் கடைசிக் கட்டத்தின் பெயர் மேகாலயன்: 4,200 ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பெரிய வறட்சியில் தொடங்குகிறது, அதற்கான அடையாளம் மேகாலயாவில் சோராவுக்கு (சிரபுஞ்சி) பக்கத்தில் உள்ள மாம்லூ குகையில் வளர்ந்த ஒரு சுண்ணாம்புக் கசிவுத் தூணில் இருக்கிறது. ஆக இன்றைய தேதிக்கு அதிகாரபூர்வமாக நாம் ஹோலோசீன் சகாப்தத்தின் மேகாலயன் கட்டத்தில் இருக்கிறோம். நம் நாட்டு மாநிலத்தின் பெயர் உலகக் கால அட்டவணையில் ஏறியிருக்கிறது, நமக்கே பாதிப் பேருக்குத் தெரியாது!

சகாப்தம், கட்டம் என்கிற இந்த இரண்டு படிகளை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் அடிக்கோட்டை மட்டும்தான் வரையறுப்பார்கள். முடிவை யாரும் வரையறுப்பதில்லை, அடுத்தது தொடங்கும் இடம்தான் முந்தையதன் முடிவு. அந்த அடிக்கோடு உலகத்தில் ஏதோ ஒரு குறிப்பிட்ட பாறையில், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்க வேண்டும். அதைத் தங்க ஆணி என்று செல்லமாகச் சொல்வார்கள். முதல் ஆணி 1972இல் இன்றைய செக் நாட்டில் உள்ள க்ளோங்க் என்ற இடத்தில் முடிவானது. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக் கோட்டின் ஆணி துனிசியாவின் எல் கெஃப்பில் இருக்கிறது, மெல்லிய களிமண் அடுக்கு ஒன்றில் விண்கல் கொண்டுவந்த இரிடியம் தூவியிருக்கும். விண்கல் விழுந்தது மெக்சிகோவில், ஆணி துனிசியாவில். ஆனால் அதே இரிடியம் இத்தாலியிலும் டென்மார்க்கிலும் கிடைக்கிறது, அதுவும் அதே வயதில்.

"அதே வயதில்" என்பதுதான் இதில் உயிர்நாடி. நம் ஊரில் அதைத் தேடினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

சென்னையில் ஒரு போர்

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மனையில் போர் போட்டால் என்ன வரும் என்பது எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். மேலே கட்டட இடிபாடு: செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, சிமெண்ட் கட்டி, பாலித்தீன் கவர், சில சமயம் ஒற்றைச் செருப்பு. அதற்குக் கீழே கருங்களி, விரலில் எடுத்தால் வழவழவென்று ஒட்டும், அழுகல் வாடை அடிக்கும். அதுதான் சதுப்பு நிலத்தின் அசல் மண். இன்னும் கீழே மணல் கலந்த களி. அப்புறம் உளுத்துப்போன பாறை, அதற்கும் அடியில் சார்னோக்கைட். பல்லாவரம் மலையும் பரங்கிமலையும் இதே பாறைதான், வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் அவர் பெயர் வந்துவிட்டது. கல் நம்முடையது, பெயர் அவருடையது.)

டிரில்லர் ஸ்பூன் என்கிற மாதிரிக் குழாயைப் பிரித்து மண்ணைப் பலகையில் கொட்டுவார். பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போகும்.

"ஃபில்லிங் எத்தனைன்னு போடலாம் சார்?"

"கவர் எதுவரைக்கும் வருதுண்ணே?"

"ரெண்டு மீட்டர்ல கூட வருது சார், களிக்குள்ள அமுங்கிக் கிடக்கு. ஆனா களி ஒன்றரையிலயே ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப ஒன்றரைன்னே போடுங்க. கவர் வந்ததைத் தனியா எழுதிக்கலாம்."

கோடு போட்டாகிவிட்டது. அது முழு உண்மையா என்றால் இல்லை, லாரியில் கொட்டிய இடிபாடு ஈரக்களிக்குள் அமுங்கியிருக்கிறது, எல்லை குழம்பிக் கிடக்கிறது. பொய்யா என்றால் அதுவும் இல்லை. அஸ்திவாரம் போடுகிறவருக்கு ஒரு எண் வேண்டும், குழம்பிய இடத்தில் எங்கே கோடு போட்டேன் என்று நான் காரணம் சொல்ல முடிந்தால் போதும். ஆனால் அதே மனையின் மறுகோடியில் போட்ட போரில் ஃபில்லிங் முக்கால் மீட்டரில் முடியும், பக்கத்து மனையில் இரண்டரை மீட்டர் இருக்கும். ஆழத்தைவிடப் பெரிய வில்லங்கம் தேதி. இந்த மனையை 1990களில் மேடாக்கியிருப்பார்கள், அந்த மனையை 2015 வெள்ளத்துக்குப் பிறகு. பார்க்க ஒரே அடுக்கு, வயது இடத்துக்கு இடம் வேறு. இரண்டு போர்களின் ஃபில்லிங் அடியை ஒரு கோட்டால் இணைத்துப் படம் வரைகிறோமே, அந்தக் கோடு ஒரே நாளைக் குறிக்கவில்லை.

சென்னை முழுக்கவே இதே கதை. ஊருக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் முதலில் பல்லாவரத்திலும் அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னால் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, கருவிகளின் வயதை 15 லட்சம் ஆண்டுகள் வரை கொண்டுபோனார்கள். மனிதக் கை பட்ட அடுக்கு என்று மட்டும் பார்த்தால் சென்னைப் பக்கத்துக் கோடு அங்கேயே போட வேண்டியதுதான், அப்போது நம் இனமே இன்னும் உருவாகவில்லை.

அடுத்து மெரினா. இந்தக் கடற்கரையை ஏதோ ஆதிகாலத்துச் சொத்து மாதிரி பேசுவோம், ஆனால் அதன் அகலத்துக்குக் காரணம் துறைமுகம். ஒரு காலத்தில் அலை ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே அடித்தது. 1870களின் நடுவில் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கரையோரம் மணல் வருடக்கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் குறுக்கே நின்றதும் தெற்குப் பக்கம் மணல் தேங்கி அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மணல் வரத்து நின்று கடல் உள்ளே வந்தது. ஒரே சுவர், இந்தப் பக்கம் படிவு, அந்தப் பக்கம் அரிப்பு. சுண்டல் சாப்பிட உட்காரும் இடம் ஒரு நிலவியல் நிகழ்வு, வயது சுமார் 150 வருடம்தான்.

அப்புறம் மாம்பலம் ஏரி. 1920களில் அதை மேடாக்கித்தான் தி.நகர் எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றைக்கும் இருக்கிறது, பார்க்க ஏரிதான் கிடையாது. வள்ளுவர் கோட்டம் இருக்கும் இடமும் நுங்கம்பாக்கம் ஏரிதான், அது 1970களில். பெருங்குடிக் குப்பைமேடு 1980களில், பள்ளிக்கரணைச் சதுப்புக்கு உள்ளேயே. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்தது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு: நம் நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல், அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள், குழாய் ஒழுகினால் ஆற்றுப்படுகையில் வெளிர் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாதிரி அடுக்கு உட்கார்ந்துவிடும். இறால் தேடிக் கையால் சேற்றைத் துழாவுகிற மீனவர்களின் விரலில் இப்போது ஏறுவது அந்தச் சாம்பல்.

15 லட்சம் ஆண்டு, 1870கள், 1920கள், 1970கள், 1980கள், 1990கள். ஒரே நகரத்துக்குள்ளேயே இத்தனை தொடக்கங்கள். உலகம் முழுக்க இதைப் பெருக்கிப் பாருங்கள். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கத்து ஊர்க்காரர் "எங்களுக்கு அப்போ இல்லையே" என்பார்.

1952 எங்கிருந்து வந்தது

எல்லா ஊருக்கும் ஒரே தேதியில் வந்த பொருள் ஒன்று உண்டு, அணுகுண்டுத் துகள். 1945இல் அலமோகோர்டோவிலும் ஹிரோஷிமா, நாகசாகியிலும் வெடித்தவை பெரும்பாலும் கீழ்வளிமண்டலத்திலேயே சுற்றி அருகருகே இறங்கிவிட்டன. 1952 நவம்பர் 1 அன்று அமெரிக்கா பசிபிக்கின் எனிவெடாக் தீவில் 10 மெகா டன் அளவுக்கான ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் துகள்கள் மேல்வளிமண்டலம் வரை ஏறி, உலகத்தைச் சுற்றி, அண்டார்டிகா உட்பட எல்லா இடத்திலும் இறங்கின. அடுத்த பத்து வருடம் வல்லரசுகள் போட்டி போட்டு வெடித்ததில் அளவு ஏறிக்கொண்டே போய், வளிமண்டலச் சோதனைகளைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்தை ஒட்டி உச்சம் தொட்டு இறங்கியது. சென்னை ஏரிகளிலும் அது பெய்திருக்கிறது, நமக்கு யாரும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

இதில் புளூட்டோனியம்-239 முக்கியம். இயற்கையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 24,000 ஆண்டுகள், களிமண்ணில் ஒட்டினால் லேசில் நகராது. பணிக்குழு இதைத்தான் முதன்மை அடையாளமாக எடுத்தது.

அதைத் தெளிவாகப் பார்க்கத்தான் கிராஃபோர்ட் ஏரி. பரப்பு 2.4 ஹெக்டேர்தான், ஆழமோ 24 மீட்டர். குறுகலாக ஆழமாக இருப்பதால் அடிநீரும் மேல்நீரும் கலப்பதில்லை, அடிச்சேற்றைக் கிளற ஆளில்லை. கோடையில் நீர் சூடாகும்போது வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிகம் இறங்கும், மற்ற மாதங்களில் மக்கிய இலைதழை கருப்பாக இறங்கும், வருடத்துக்கு ஒரு வெள்ளை ஒரு கருப்பு, எண்ணிக்கொண்டே போகலாம். மாதிரி எடுக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது: உலோகப் பெட்டிக்குள் உலர்பனியும் ஆல்கஹாலும் நிரப்பிச் சேற்றுக்குள் இறக்கினால், சேறு அந்தக் குளிர்ந்த தகட்டின்மேல் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும், அடுக்கு கலையாமல் தூக்கிவிடலாம். நாங்கள் சுத்தியலால் அடித்து இறக்கி எடுக்கும் மண்ணில் இந்த நுணுக்கம் கனவிலும் வராது.

கனடாவின் பிராக் (Brock) பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்சீன் மெக்கார்த்தி தலைமையிலான குழு ஆராய்ந்த அந்தச் சேற்றில் பூர்வகுடிகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து சுற்றுவட்டாரத்தில் பயிரிட்ட மக்காச்சோளத்தின் மகரந்தம் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வந்து காட்டை வெட்டிய தடயம் இருக்கிறது, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எரிபொருளை அதிக வெப்பத்தில் எரித்தால் மட்டும் உருவாகும் கரி உருண்டைகள் திடீரென்று கூடுகின்றன. (எண்ணூர்ச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி உருண்டைகள், இது வேறு, இவை கரியாலானவை. ஆனால் இரண்டும் ஒரே கொதிகலன் சமாச்சாரம்தான்.) அப்புறம் புளூட்டோனியம். 17.5 செ.மீ. ஆழத்தில், 1952க்கான அடுக்கின் அடியில் கோடு. கவனியுங்கள், அந்த ஏரியிலேயே 700 வருட மனிதத் தடயம் இருக்கிறது. அதைத் தெரிந்தும் 1952ஐ எடுத்தார்கள், ஏனென்றால் மக்காச்சோளம் அந்த ஏரியின் செய்தி, புளூட்டோனியம் உலகத்தின் செய்தி.

நம் ஏரி எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும், மாடு மிதிக்கும், சில வருடத்துக்கு ஒருமுறை தூர்வாருவார்கள், வருடக் கோடு எங்கே நிற்கும்? ஆனால் ஆணிக்கு உலகில் ஒரு இடம் போதும். மற்ற இடங்களில் புளூட்டோனியம் கிடைத்தால் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஆராய்ந்த 12 இடங்களில் வியன்னாவின் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் நகர இடிபாடும் ஒன்று, அதிலேயே புளூட்டோனியத்தை அளந்து காட்டினார்கள். அதாவது எங்கள் ஃபில்லிங் மாதிரியான மண்ணில். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மறைப்பானேன்.

எதிர்ப்புகள், என் பார்வையில்

முதல் எதிர்ப்பு: மனிதன் அதற்கு ரொம்ப முன்னாலேயே பூமியை மாற்ற ஆரம்பித்துவிட்டான். காலநிலை ஆய்வாளர் வில்லியம் ரடிமன் 8,000 ஆண்டுகளுக்கு முன் காடழிப்பால் கார்பன் டை ஆக்சைடும், 5,000 ஆண்டுகளுக்கு முன் ஆசிய நெல்வயல்களால் மீத்தேனும் ஏறின என்கிறார் (தேங்கிய நீரில் நடவு செய்கிற நாமும் இந்தக் கணக்கில் வருகிறோம்). சைமன் லூயிஸ், மார்க் மாஸ்லின் இருவரும் 1610 என்கிறார்கள்: ஐரோப்பியர் கொண்டுபோன நோயாலும் போராலும் அமெரிக்கக் கண்டங்களின் மக்கள் கோடிக்கணக்கில் மடிந்து, வயல்கள் காடாகி, காற்றில் கார்பன் டை ஆக்சைடு தற்காலிகமாகக் குறைந்தது. பணிக்குழுவிலேயே இருந்த எர்ல் எல்லிஸ், 1952 என்று குறுக்கினால் முந்தைய வரலாறு மறைந்துபோகும் என்ற மனத்தாங்கலில் 2023இல் விலகினார்.

வரலாறாக இதில் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அடுக்கியல் கோட்டுக்கு எதிரான வாதமாக இது எடுபடவில்லை. ஹோலோசீனின் அடையாளம் கிரீன்லாந்துப் பனியில் துளைத்தெடுத்த தூணில் ஒரு புள்ளி. பனியுகம் அன்றைக்கு ஒரே நாளில் முடியவில்லை, பல ஆயிரம் ஆண்டுகளாக உருகிக்கொண்டிருந்தது. கோடு என்பது மாற்றம் ஆரம்பித்த நாள் என்று எந்தச் சகாப்தத்துக்கும் யாரும் சொன்னதில்லை, உலகம் முழுக்க ஒன்றாக அடையாளம் காணக்கூடிய நாள், அவ்வளவுதான். ஒன்றரை மீட்டரில் நான் கோடு போட்டால் அதற்குக் கீழே கவரே இல்லை என்று அர்த்தம் ஆகுமா?

இரண்டாவது எதிர்ப்பு எனக்கு உறைத்தது. வாக்கெடுப்பின்போது 72 வருடம், 17.5 செ.மீ. சேறு. ப்ளைஸ்டோசீன் 25 லட்சம் ஆண்டுக்கு மேல், ஹோலோசீனே 11,700 ஆண்டு என்று அட்டவணையில் சவலைப் பிள்ளையாக நிற்கிறது, அதற்கு ஒரு மனித ஆயுள் நீளத்தில் சகாப்தமா?

ஆதரவாளர்களிடம் இதற்கு நல்ல பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கால அளவைப் பார்க்காதீர்கள், மாற்றத்தின் அளவைப் பாருங்கள் என்கிறார்கள். பனியுகம் முடிந்தபோது கார்பன் டை ஆக்சைடு ஏறியது சுமார் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு), அதற்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. தொழிற்புரட்சிக்கு முன் 280 இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் 1950இல் ஆண்டுக்கு 20 லட்சம் டன், 2015இல் சுமார் 38 கோடி டன். காற்றில் நடந்தது சகாப்த அளவு மாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அட்டவணை காற்றுக்குப் போட்டதில்லையே, மண்ணுக்குப் போட்டது. கடைசிப் பனியுகம் உருகியபோது கடல் சுமார் 120 மீட்டர் ஏறியது, நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருந்த தரை முங்கியது. 1900இலிருந்து இதுவரை ஏறியிருப்பது சுமார் 20 செ.மீ. காற்றில் மாற்றம் முந்திக்கொண்டது, கடலும் படிவும் பின்னால் வருகின்றன. அவை வந்து சேரும் முன்பே சகாப்தம் என்று அறிவிப்பது, பைல் என்கிற அஸ்திவாரத் தூணை இறக்காமலேயே அது தாங்கும் பாரத்துக்கு லோடு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கிற வேலை.

அடுக்கு தங்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. பெருங்குடி மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் குப்பையைச் சில வருடங்களாக பயோமைனிங் முறையில் தோண்டி, சல்லடை உருளையில் போட்டு, மண்ணைத் தனியாக, கல்லைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. நாற்பது வருட அடுக்கு ஒன்றை நகரமே திரும்பத் தோண்டி எடுத்துவிட்டது (நல்ல காரியம்தான், அந்தச் சதுப்பு 2022இலிருந்து ராம்சார் தலம், அதாவது சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஈரநிலம்). நாம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர் டைனோசர் காலத்துக் கடல், அந்தக் கல்லில் சிப்பிகள் இன்னும் முழுசாகக் கிடைக்கின்றன. அது கோடிக்கணக்கான ஆண்டு தங்கியது, பெருங்குடி ஒரு மனித ஆயுள்கூடத் தங்கவில்லை.

மூன்றாவதாக, நிலவியலாளர் பிலிப் கிப்பர்டும் எல்லிஸும் இன்னும் சிலரும், ஆந்த்ரோபோசீனைச் சகாப்தமாக வைக்காமல் ஒரு நிகழ்வாக வைக்கலாம் என்றார்கள். 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கிய பெருநிகழ்வுக்கு ஆணியும் கிடையாது, ஒரே தேதியும் கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது அல்லவா, அது போல. அத்திரம்பாக்கத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். எனக்கு இதில் அரை மனசுதான். எல்லாவற்றையும் உள்ளே விடுகிற வரையறையை வைத்து போர் லாக் என்கிற மண் அடுக்குப் பதிவில்கூட எதையும் குறிக்க முடியாது.

என்ன கேட்டிருக்கலாம்

பணிக்குழு கொடுத்த முன்மொழிவில் சகாப்தத்தோடு கூடவே ஒரு கட்டமும் இருந்தது, பெயர் கிராஃபோர்டியன். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். நான் என்றால் கட்டத்தை மட்டும் கேட்டிருப்பேன். ஹோலோசீன் இருக்கட்டும், மேகாலயன் 1952இல் முடிந்து கிராஃபோர்டியன் தொடங்கட்டும். 2018இல் ஹோலோசீனை இதே படிகள் வழியாகத்தானே மூன்றாகப் பிரித்தார்கள், நான்காவதற்கு வழி இருக்கிறது. கடலும் உயிரினங்களும் போகிற போக்கில் போனால், சில நூற்றாண்டு கழித்து வருகிறவர்கள் அதே கோட்டைச் சகாப்தமாக உயர்த்திக்கொள்வார்கள், ஆணியைப் பிடுங்கி நட வேண்டியிருக்காது. குறைந்த அந்தஸ்து கேட்டிருந்தால் 12 பேரில் எத்தனை பேர் மாறியிருப்பார்கள் என்பது யூகம்தான், ஆனால் காலம் போதாது என்ற வாதத்தின் பலம் பாதியாகக் குறைந்திருக்கும்.

வாக்கெடுப்பு நடந்த விதத்திலும் சண்டை உண்டு. துணைக்குழுவின் தலைவர் பதவியில் அப்போது இருந்தவர் ஸலாசீவிச்சே. அவரும் துணைத் தலைவர் மார்ட்டின் ஹெட்டும், விதிப்படி நடக்கவில்லை, பதவிக்கால வரம்பு தாண்டியவர்கள் வாக்களித்தார்கள் என்று சொல்லி ரத்து செய்யக் கேட்டார்கள். ஒன்றியம் ஏற்கவில்லை, சொல் பொதுப் புழக்கத்தில் பயனுள்ளதாகத் தொடரும், அட்டவணையில் மட்டும் ஏறாது என்று முடித்துவிட்டது. நிர்வாகச் சண்டைக்கு நான் நடுவர் இல்லை, ஆனால் 12க்கு 4 என்பது ஓரிரு வாக்கில் கவிழ்ந்த கணக்கும் இல்லை.

நம் பக்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் வலையும் படகும் அதிகம் கிளறாத ஆழமான இடங்களிலும், பள்ளிக்கரணையில் குப்பை படாத பகுதியிலும் படிவுத் தூண் எடுத்து 1952 கோடு எந்த ஆழத்தில் விழுகிறது என்று பார்க்கலாம். இந்தியாவில் படிவுகளின் வயதைப் பார்க்க வழக்கமாக அளப்பது அதே குண்டுத் துகளில் வந்த சீசியம்-137, காமா கதிரை எண்ணினால் போதும் என்பதால் செலவு குறைவு. ஆனால் வெப்பமண்டலத்தில் விழுந்த துகள் வடக்கு நாடுகளை ஒப்பிட்டால் குறைச்சல், உவர்நீரில் சீசியம் களியில் சரியாக ஒட்டாது, அரை ஆயுள் 30 வருடம் என்பதால் 1963 உச்சத்தில் விழுந்ததில் கால்வாசிதான் மிச்சம். புளூட்டோனியத்தை அளக்க நிறமாலைமானி வேண்டும், செலவும் உழைப்பும் அதிகம், ஆனால் உவர்நீர்ச் சேற்றில் நம்பக்கூடியது அதுதான்.